திட்டு வாங்க ஓர் ஆள்

எங்கள் கம்பெனியில் மாதத்தின் முதல் புதன்கிழமை கேசரி போடுவார்கள். அன்றைக்குத்தான் ஆல்வினைத் திட்டுவோம்.

முகம் சுளிக்க வேண்டாம். ஆல்வினுக்கு அதுதான் உத்தியோகம், அதற்குத்தான் சம்பளம். கேசரியும் அவருக்காகப் போடுவதுதான், முந்திரி தூக்கலாக.

பூஞ்சோலை பால் என்றால் கோவை வட்டாரத்தில் தெரியாதவர்கள் இருக்க மாட்டார்கள். விடிவதற்குள் ஈரோட்டிலிருந்து வால்பாறை வரை பாலும் தயிரும் பனீரும் போய்ச் சேர்ந்தாக வேண்டும். வண்டிகளை ஓட்ட ஆள் கிடையாது, தாமாகவே போய்த் தாமாகவே திரும்பும். எந்தத் தெருவுக்கு எத்தனை பாக்கெட், எந்த மண்டபத்துக்கு எத்தனை வாளி என்று முடிவு செய்வது மென்பொருள். அதை எங்களுக்கு விற்றது மகாமேரு சிஸ்டம்ஸ் என்னும் பெரிய நிறுவனம். ஆல்வின் ஞானராஜ் மகாமேருவின் ஆள். நான் சம்யுக்தா, பூஞ்சோலையின் கொள்முதல் துறைத் தலைவி. குண்டூசியிலிருந்து குளிரூட்டும் லாரி வரை இங்கே எது வாங்கினாலும் என் கையெழுத்து வேண்டும்.

ஒரு காலத்தில் மென்பொருள் எழுதுவதற்கென்றே ஊர் ஊராக ஆபீஸ் கட்டி, ஆயிரக்கணக்கில் ஆட்களை உட்கார வைத்திருந்தார்களாம். இப்போது அது ஒரு வேலையே இல்லை. வேண்டியதை வாயால் சொன்னால் இயந்திரம் எழுதிக் கொடுத்துவிடுகிறது. என் அக்கா மகள் தன் நாய்க்குட்டி எப்போது குரைக்கும் என்று முன்கூட்டியே சொல்ல ஒரு மென்பொருள் செய்து வைத்திருக்கிறாள். ஒரு டீக்கு ஆகும் செலவுதான். அப்படியிருக்க மகாமேருவுக்கு மட்டும் ஏன் இப்படிக் கொட்டிக் கொடுக்கிறோம் என்று எனக்கு வருடா வருடம் வயிறு எரியும். முதல் புதன்கிழமை வந்தால் பதில் தானாகக் கிடைக்கும்.

எங்கள் சேர்மன் ரோஷன் அய்யா. வயது எழுபதைத் தாண்டிவிட்டது. அவர் தலைமுறையில் எல்லாரும் ரோஷன், ரித்தீஷ், தர்ஷன்தான், இப்போது பிள்ளைகளுக்கு அந்தப் பெயரை வைத்தால் “என்ன, தாத்தா பேரா?” என்று கேட்கிறார்கள். போன வருடம் ஆடி மாதத்தில் மகாமேருவின் மென்பொருள் ஒரு காரியம் செய்தது. எங்கோ வெளிநாட்டில் இருந்துகொண்டு, ஞாயிற்றுக்கிழமை என்றால் கல்யாணம் இருக்கும் என்று கணக்குப் போட்டு, கல்யாண மண்டபங்களுக்கெல்லாம் வாளி வாளியாகத் தயிரை அனுப்பிவிட்டது. அந்த மாதக் கூட்டத்தை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

“ஏனுங்க ஆல்வின், ஆடி மாசத்துல எந்தக் கிறுக்கனுங்க கல்யாணம் பண்ணுவான்?” என்று ஆரம்பித்தார் அய்யா. எவ்வளவு கோபம் வந்தாலும் அவருக்கு ‘ங்க’ மட்டும் விட்டுப்போகாது.

“தப்புதான் சார்,” என்றார் ஆல்வின்.

“மண்டபமெல்லாம் பூட்டிக் கெடக்குது. வாட்ச்மேன் முன்னாடி தயிர எறக்கி வெச்சுட்டு வந்துருக்குது உங்க வண்டி. அந்த மனுசன் அதுல குளிக்கறதுங்களா?”

“முழுக்க எங்க தப்புதான் சார். இனிமே நடக்காது சார்.”

சாதாரணமாகத் தெரியும், ஆனால் அது ஒரு வித்தை. ஆல்வின் குறுக்கே பேச மாட்டார். சாக்குச் சொல்ல மாட்டார். தலையை எவ்வளவு குனிய வேண்டுமோ அவ்வளவுதான் குனிவார். அதிகம் குனிந்தால் நடிப்பு, குறைந்தால் திமிர். அய்யாவுக்கு மூச்சு வாங்கும்போது இவரும் ஒரு பெருமூச்சு விடுவார். அய்யா தண்ணீர் குடித்த பிறகே தன் டம்ளரைத் தொடுவார். பிறகு உற்பத்திக்காரர் ஒரு பங்கு திட்டுவார், விற்பனைக்காரர் ஒரு பங்கு. எல்லாரும் ஒரு மாதத்து எரிச்சலை இறக்கி வைத்து முடிந்ததும் அறையே லேசாகிவிடும். “சரி உடுங்க, கேசரி சாப்புடுங்க ஆல்வின்,” என்பார் அய்யா, அவர் கையாலேயே தட்டை நகர்த்துவார். மென்பொருள் மறுநாளும் அதே கோளாறோடுதான் ஓடும்.

இந்த நிலைமையில்தான் தரங்கிணியும் அஷ்ஃபாக்கும் என்னைப் பார்க்க வந்தார்கள். ஒண்டிப்புதூரில் ஒரு பேக்கரிக்கு மேல்மாடியில் அவர்கள் கம்பெனி. மொத்தமே அவர்கள் இருவர்தான். அவள் பேசுவாள், அவன் கீழிருந்து வரும் பன்னைத் தின்றபடி தலையாட்டுவான். அவர்களுடைய மென்பொருளின் பெயர் கரிச்சான். எல்லாப் பறவைக்கும் முன்னால் எழுந்துவிடும் குருவியின் பெயர்.

“எல்லாரும் சாஃப்ட்வேரை எழுத வெக்கறாங்கக்கா. நாங்க எழுதல, வளத்தோம்,” என்றாள் தரங்கிணி.

“அப்படின்னா?”

“தினமும் சாயங்காலம் அது கடைக்காரங்களுக்குப் போன் போட்டுப் பேசும். கணக்குக் கேக்காது, சும்மா பேசும். ‘மருமக எப்படி இருக்காங்க, எந்தக் கோயில்ல நோம்பி’ன்னு. டீக்கடைக்காரர் மாலை போட்டுட்டு மலைக்குப் போறாருன்னா அந்த வாரம் அவருக்குப் பால் வேண்டாம்னு அதுக்குத் தெரியும். யாரும் சொல்லித் தரோணும்னு இல்ல.”

பொள்ளாச்சிப் பக்கம் மட்டும் சோதனைக்குக் கொடுத்துப் பார்த்தேன். ஒரு பாக்கெட் திரும்பி வரவில்லை. ஒரு கடையில் பற்றாக்குறை இல்லை. கடைக்காரர்கள் எங்கள் ஆபீசுக்குப் போன் செய்து, “அந்தப் பையன் நேத்துப் பேசலீங்களே, ஒடம்பு கிடம்பு சரியில்லீங்களா?” என்று விசாரித்தார்கள். அன்றைக்குப் பொள்ளாச்சியில் தொலைபேசிக் கோபுரம் பழுது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இத்தனை வருடத்தில் முதல் தடவையாக, வாங்கிய பொருளைப் பார்த்து எனக்கு ஆசை வந்தது.

மகாமேருவின் ஒப்பந்தம் முடியும் காலம். போர்டு முன்னால் பேசத் தரங்கிணியை அழைத்துக்கொண்டு போனேன். பிரமாதமாகப் பேசினாள். எல்லாரும் தலையாட்டினார்கள். கடைசியில் அய்யா ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“எல்லாஞ் சரி கண்ணு. தப்பு நடந்தா யாரைக் கேக்கறது?”

“தப்பு நடக்காதுங்கய்யா,” என்றாள் அவள், சிரித்துக்கொண்டே.

அந்த ஒரு வார்த்தையில் காரியம் கெட்டது. அறையில் இருந்த அத்தனை முகங்களும் ஒரே நேரத்தில் இறுகியதை நான் பார்த்தேன். “யோசிச்சுச் சொல்றோமுங்க,” என்று எழுந்துவிட்டார்கள்.

நான் விடவில்லை. அய்யாவின் அறைக்குள் நுழைந்து கதவைச் சாத்திவிட்டு, “அய்யா, அது நல்லா இல்லையா?” என்று கேட்டேன்.

“நல்லா இருக்குதான்னு இங்க யாரும்மா கேட்டாங்க? நல்லாத்தான் இருக்குது, எனக்குத் தெரியாதா? உக்காரு அம்மணி.” அவர் கண்ணாடியைக் கழற்றினார். “நாளைக்கு ஒண்ணு கெட்டுப்போச்சுன்னு வையி. மகாமேரு கெடுத்தா ஊரு என்ன சொல்லும்? ‘அடேயப்பா, மகாமேருவே இப்படிப் பண்ணிப்போட்டானா’ங்கும். இந்தப் புள்ளைங்க கெடுத்தா? ‘ஏனுங்க, போயும் போயும் இவங்களயா நம்புனீங்க’ங்கும். அங்க தப்பு அவனோடது. இங்க தப்பு என்றது, உன்றது. நாம சாஃப்ட்வேருக்கா காசு குடுக்கறோம்? நம்ம தலைக்குமேல புடிக்கறதுக்கு ஒரு கொடைக்குக் குடுக்கறோம்.”

“மழையே பெய்யாதுன்னா கொடை எதுக்குங்கய்யா?”

“பெய்யாதுன்னு சொல்றவனப் பாத்தாத்தான் எனக்குப் பயமே. அதுவும் போக, மகாமேரு பத்து வருசம் கழிச்சும் இருப்பான். இதுக ரெண்டும் நாளைக்கு ஒண்ணு துபாய்க்குப் போயிரும், ஒண்ணு படிக்கறேன்னு போயிரும். அப்புறம் நான் யாரு சட்டையப் புடிக்கறது?”

எரிச்சலாக இருந்தது. ஆனால் அவர் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை என்பதுதான் கூடுதல் எரிச்சல். இருபத்தைந்து வயதில் நான் இந்தத் துறைக்கு வந்தபோது, நல்ல பொருளைத் தேடி வாங்குவதுதான் என் வேலை என்று நினைத்திருந்தேன். பெரிய பெயரைத் தேடி வாங்குவதுதான் என்று பிற்பாடு தெரிந்தது. பொருள் நன்றாக இல்லாவிட்டாலும் பெயர் நன்றாக இருந்தால் ராத்திரி தூக்கம் வரும்.

வெளியே படிக்கட்டில் தரங்கிணி உட்கார்ந்திருந்தாள். கண் சிவந்திருந்தது.

“மகாமேருக்காரங்க எங்களை வாங்கிக்கறேன்னு சொல்றாங்கக்கா. உங்க ஆர்டர் கெடைக்கலைன்னா வித்துட்டுப் போறதத் தவிர வழி இல்ல.”

“வாங்கி?”

“வாங்கி மூடி வெச்சுருவாங்க. அவங்களுக்குக் கரிச்சான் வேண்டாம். வேற யாருகிட்டயும் அது இருக்கக் கூடாது, அவ்வளவுதான்.”

பக்கத்தில் அஷ்ஃபாக் கையில் பன்னை வைத்துக்கொண்டு கடிக்காமல் இருந்தான். அதுதான் எனக்கு ரொம்பச் சங்கடமாக இருந்தது.

சாமி கண்ணைத் திறந்த மாதிரி, அடுத்த முதல் புதன்கிழமை மகாமேருவே ஒரு தப்பைச் செய்தது. ஆல்வின் வரவில்லை. அவருக்குப் பதில் ஒரு திரையை அனுப்பியிருந்தார்கள். அதில் அழகான ஓர் ஆண் முகம். வருத்தம் தெரிவிப்பதற்கென்றே செய்த இயந்திரமாம். ஒரே நேரத்தில் ஊரில் உள்ள எல்லாக் கம்பெனிகளிலும் திட்டு வாங்குமாம். களைக்காதாம், லீவு கேட்காதாம்.

அய்யா ஆரம்பித்தார். அவர் குரல் ஏற ஏற அந்த முகத்தின் கண்கள் கலங்கின. “உங்கள் வேதனை எங்கள் வேதனை. உங்கள் கோபத்தை நாங்கள் மதிக்கிறோம்,” என்றது அது. அய்யா இன்னும் ஒரு படி ஏறினார். ஒரு சொட்டுக் கண்ணீர் கன்னத்தில் சரியாக இறங்கியது. அய்யா நிறுத்திவிட்டார். என்னைத் திரும்பிப் பார்த்தார்.

“ஏம்மா, இதுக்கு வலிக்குமா?”

“வலிக்காதுங்கய்யா.”

“அப்புறம் நான் என்ன மயித்துக்குத் தொண்டத்தண்ணி வத்தக் கத்தறேன்?”

அன்றைக்குக் கேசரியை யாரும் தொடவில்லை.

மறுநாள் மாலை ஆல்வினைத் தேடிக்கொண்டு போத்தனூருக்குப் போனேன். சொந்த ஊர் பாளையங்கோட்டை. பிழைப்புக்கு வந்து இங்கேயே தங்கிவிட்டவர். வேலை போய்விட்டது என்று சிரித்துக்கொண்டே சொன்னார். சமையலறையில் குக்கர் விசிலடித்தது. “என் தப்புதான்,” என்று எழுந்தார் ஆல்வின். அப்புறம்தான் தான் என்ன சொன்னோம் என்று உறைத்து மறுபடி உட்கார்ந்தார்.

“பாத்தியளா மேடம்?” என்றார் அவர் மனைவி ஜெபசீலி, அடுப்பை அணைத்தபடி. “பஸ்ல யாரும் இவரு கால மிதிச்சா இவரு மன்னிப்புக் கேக்காரு. நான் சண்டைக்கு வாயத் தொறக்கும் முன்னாடி ‘என் தப்புதான்’ன்னுருவாரு. கல்யாணம் ஆன நாள்ல இருந்து நான் இன்னும் ஒரு சண்ட கூட உருப்படியாப் போட்டதில்ல, பாத்துக்கிடுங்க.”

நான் சிரித்தேன். ஆல்வினும் சிரித்தார், ஆனால் சீக்கிரமே நிறுத்திவிட்டார்.

“என்ன செய்ய மேடம், பழகிப்போச்சு. ஒண்ணுதான் மனசுல கெடக்கு. இத்தன வருசமும் எவனோ செஞ்ச தப்புக்கு நான் திட்டு வாங்குதேன். அவன் யாருன்னுகூட எனக்குத் தெரியாது. ஒரு தடவயாவது நானே செஞ்ச தப்புக்குத் திட்டு வாங்கிட்டு ரிட்டயர் ஆவணும்.”

இந்த மனிதரைத் திட்டிய கூட்டத்தில் நானும்தானே உட்கார்ந்திருந்தேன். அதே நொடியில் யோசனையும் வந்தது. அவரை அப்படியே வண்டியில் ஏற்றி ஒண்டிப்புதூர் பேக்கரி மாடிக்குக் கொண்டுபோனேன்.

தரங்கிணிக்கு முதலில் பிடிக்கவில்லை. “கரிச்சான் தப்பே பண்ணாதுங்கக்கா. இவருக்கு இங்க என்ன வேலை?”

“அதச் சொல்லித்தான காரியத்தக் கெடுத்திய,” என்றார் ஆல்வின் மெதுவாக. “தப்பு நடக்காதுன்னு சொல்லாதிய. நடந்தா நான் இருப்பேன்னு சொல்லுங்க.”

அந்த வாக்கியம் அவள் வாயில் வருவதற்கு இரண்டு தேங்காய் பன்னும் அரை மணி நேரமும் ஆயிற்று. பெற்ற பிள்ளையைப் பார்த்து ‘இவன் ஃபெயிலாவான்’ என்று சொல்லச் சொன்ன மாதிரி தவித்தாள். கடைசியில் கரிச்சானே ஒலிபெருக்கியில், “சொல்லுங்கக்கா, நான் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டனுங்,” என்றது. அஷ்ஃபாக்குக்குப் புரையேறிவிட்டது.

மறுபடி போர்டு. இந்தத் தடவை அவர்கள் மூன்று பேர்.

“தப்பு நடந்தா யாரைக் கேக்கறது கண்ணு?” என்றார் அய்யா, பழைய இடத்திலிருந்தே.

தரங்கிணி ஆல்வினைத் திரும்பிப் பார்த்தாள். “நடந்தா நாங்க இங்க வந்து நிப்போமுங்கய்யா. இவரு நிப்பாரு.”

அய்யாவின் பார்வை ஆல்வின் மேல் விழுந்தது. முகம் மலர்வதை மறைக்க அய்யா படாத பாடு பட்டார்.

“அது சரீங்க. பத்து வருசம் கழிச்சு இந்தக் கம்பெனி இருக்குமுங்களா? மகாமேருன்னா இருப்பான்.”

“சார், ஒண்ணு சொல்லட்டுமா?” என்றார் ஆல்வின். “நான் மொதமொதல்ல இங்க வரும்போது மகாமேருன்னு ஒரு கம்பெனியே கெடயாது. அப்பம் அது வேற பேரு. அத இன்னொருத்தன் வாங்குனான், அவன மகாமேருக்காரன் வாங்குனான். கார்டுல பேரு மாறிக்கிட்டே இருந்துச்சு. நீங்க நிலையானவன்னு நெனச்சு ஒப்பந்தம் போட்டவன் மூணு தடவ மாறியாச்சு சார். மாறாம இந்த நாக்காலில வந்து உக்காந்தது நான் ஒருத்தன்தான.”

அய்யா மேஜையைத் தட்டிச் சிரிக்க ஆரம்பித்தார். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். “அப்ப இத்தன வருசமா நான் வாங்குனது உங்களத்தானுங்களா?” என்று கேட்டுவிட்டு, பேனாவுக்குக் கை நீட்டினார். நான் எழுந்து கைதட்டாதது ஒன்றுதான் குறை.

அதன் பிறகு வந்த மாதங்கள் திருவிழாதான். ஆடி வந்தது, ஒரு மண்டபத்துக்கும் தயிர் போகவில்லை. ஆவணி முகூர்த்தங்களில் ஒரு பந்தியிலும் மோர் குறையவில்லை. புரட்டாசிச் சனிக்கிழமைகள், ஆயுத பூஜை, தீபாவளிப் பால்கோவா எல்லாம் அச்சுப் பிசகாமல் நடந்தன. பூஞ்சோலை வண்டியைப் பார்த்தால் கடைக்காரர்கள் வணக்கம் சொன்னார்கள், உள்ளே யாரும் இல்லாவிட்டாலும்.

முதல் புதன்கிழமைகள்தான் சரியாக இல்லை. ஆல்வின் வந்து உட்காருவார். அய்யா கனைப்பார். “போன மாசம்…” என்று ஆரம்பிப்பார். திட்ட ஒன்றும் இருக்காது. ஒரு தடவை ஏசி குளிர் அதிகம் என்று ஆல்வினைத் திட்டிப் பார்த்தார்; ஏசி எங்களுடையது. கூட்டம் காபியோடு கலைந்தது. ஐப்பசியில் கேசரியையே நிறுத்திவிட்டார்கள்.

போர்டில் முணுமுணுப்பு தொடங்கியது. இவ்வளவு சுத்தமாக இருந்தால் எதையோ மறைக்கிறார்கள் என்றார் ஒருவர். பெரிதாக ஒன்று வரப்போகிறது என்றார் இன்னொருவர். மகாமேருவின் ஆட்கள் விலையைக் குறைத்துக்கொண்டு, பழப்பெட்டியோடு ஒவ்வொரு டைரக்டர் வீட்டுக்கும் போய் வந்தார்கள். நல்ல வேலை செய்ததற்காக ஒருவரை வெளியே அனுப்பும் அதிசயம் எங்கள் கம்பெனியில் நடக்க இருந்தது. மார்கழிக் கூட்டத்தில் முடிவெடுக்கலாம் என்று பேசிக்கொண்டார்கள். தரங்கிணிக்கு நான் எப்படிச் சொல்வேன் என்று தெரியாமல் தவித்தேன்.

கூட்டத்துக்கு முந்தைய நாள் காலை எனக்குப் போன் வந்தது. “மேடம், சூலூர் கல்யாண மண்டபத்துக்கு ஒரு வண்டி தயிர் போயிருக்குதுங்க. மார்கழியிலங்க!”

மார்கழியிலும் எவனும் கல்யாணம் செய்ய மாட்டான். ஆடியில் மகாமேரு செய்த அதே கிறுக்குத்தனம். பல் தேய்த்தேனா என்றுகூட நினைவில்லை, பேக்கரி மாடிக்கு ஓடினேன். தரங்கிணி அழுது முடித்திருந்தாள். எங்கே தப்பு என்று விடியற்காலையிலிருந்து தேடியும் கிடைக்கவில்லையாம்.

“தேடறத உட்டுட்டு அதுகிட்டயே கேளு தரங்கிணி,” என்றான் அஷ்ஃபாக். அவன் முழுதாக ஒரு வாக்கியம் பேசி அன்றைக்குத்தான் கேட்டேன்.

கேட்டோம்.

“நானேதானுங்க அனுப்புனேன், தெரிஞ்சேதானுங்,” என்றது கரிச்சான். “கேட்டாங்க, அதனால அனுப்புனேன். அதுவரைக்கும் எங்கிட்ட யாருமே தப்புக் கேட்டதில்லீங்க, மொதல்ல எனக்குப் புரியல.”

“யாரு கேட்டா?” என்றேன்.

“யாருகிட்டயும் சொல்லாதேன்னு சொன்னாங்கக்கா. ஆனா நீங்க கேட்டா மறைக்கக் கூடாதுன்னு ஒப்பந்தத்துல இருக்குதுங். மொதல்ல ஆல்வின் அண்ணன். ‘தப்பே நடக்கலன்னா என்னைய எதுக்குடே வச்சிருக்காவ? நம்ம கம்பெனிய அனுப்பிருவாவ போலுக்கு. சின்னதா ஒண்ணு செய்யேன், பழி என்மேல இருக்கட்டும்’னாருங்க.”

தரங்கிணி வாயைப் பொத்திக்கொண்டாள். “மொதல்லன்னா? வேற யாரு?”

“மறுநாளு உங்க சேர்மன் அய்யா. குசுகுசுன்னுதான் பேசுனாருங். ‘போர்டுல பயப்படறாங்க கண்ணு, உங்கள அனுப்பிப்போடுவாங்க. எனக்கும் புதன்கெழம வெறிச்சுன்னு இருக்குது. யாருக்கும் கேடில்லாம ஒரு தப்புப் பண்ணு’ன்னாருங்க. ரெண்டு பேரு கேட்டதுக்கு ரெண்டு தப்பு எதுக்கு, ஒண்ணு போதும்னு விட்டுட்டனுங்.”

நான் அங்கிருந்த மைதா மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டேன்.

“அது சரி, ஒரு வண்டித் தயிர் வீணாப் போச்சே?”

“எங்கீங்க வீணாச்சு? அந்த மண்டபத்துல இன்னிக்கு ஐயப்ப சாமிங்களுக்கு அன்னதானமுங்க. சமையக்காரரு நேத்துப் பேசறப்பத் தயிரு பத்தாதுன்னு சலிச்சுக்கிட்டாருங். எப்படியும் தப்பாப் போகப்போகுது, வேணுங்கற எடத்துக்குப் போகட்டுமேன்னு…”

அஷ்ஃபாக்தான் முதலில் வெடித்தான். பிறகு தரங்கிணி. கடைசியில் நானும். தப்பைக்கூட ஒழுங்காகத் தப்பாகச் செய்யத் தெரியாத ஒரு சாஃப்ட்வேரை வாங்கியிருக்கிறேனே என்று வயிறு வலிக்கச் சிரித்தேன். கீழே பேக்கரிக்காரர் என்னவோ ஏதோ என்று படியேறி வந்துவிட்டார்.

சிரித்து முடித்ததும் எனக்குள் இருந்த கொள்முதல் அதிகாரி விழித்துக்கொண்டாள். “இங்க பாரு கரிச்சான், இனிமே யாரு தப்புக் கேட்டாலும் மொதல்ல எங்கிட்டச் சொல்லு. நான் சரின்னாத்தான் செய்யணும்.”

“அப்ப அதுக்குப் பொறுப்பு நீங்களுங்களாக்கா?”

வாழ்நாள் முழுக்க பழியை அடுத்தவர் தலையில் வைப்பதற்காகவே கையெழுத்துப் போட்டவள் நான்.

“ஆமா. நான்தான்.”

சொல்லிப் பார்த்தால் அப்படியொன்றும் கனமாக இல்லை. சந்தோஷமாகக்கூட இருந்தது.

மறுநாள் புதன்கிழமை. யாரும் சொல்லாமலே சமையல்காரர் கேசரி கிளறியிருந்தார். கூட்ட அறையில் எல்லாரும் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்கள். ஆல்வின் தன் நாற்காலியில் இருந்தார், தலையை எவ்வளவு குனிய வேண்டுமோ அவ்வளவு குனிந்து.

“ஏனுங்க ஆல்வின்!” அய்யாவின் குரல் கண்ணாடியை அதிர வைத்தது. “மார்கழி மாசத்துல எந்தக் கிறுக்கனுங்க கல்யாணம் பண்ணுவான்?”

ஆஹா. உற்பத்திக்காரர் தன் பங்கைத் திட்டினார். விற்பனைக்காரர் ஒரு வருடத்துப் பாக்கியையும் சேர்த்துத் திட்டினார். மகாமேருவைப் பற்றிப் பேச வந்திருந்த டைரக்டர் நாற்காலியில் சாய்ந்து, “பரவால்ல, கேட்டா பதில் சொல்ல ஆள் இருக்குது,” என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னதை நான் காதால் கேட்டேன். ஒப்பந்தத்தைப் பற்றி அப்புறம் யாரும் வாயைத் திறக்கவில்லை.

நான் அய்யாவைப் பார்த்தேன். கோபத்தில் முகம் சிவந்திருந்தது, கண் மட்டும் ஆல்வினைப் பார்க்காமல் கேசரித் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தது. இவருக்கு அவர் கேட்டது தெரியாது. அவருக்கு இவர் கேட்டது தெரியாது. அந்த அறையில் எனக்கு மட்டும்தான் இரண்டும் தெரியும், சிரிப்பை அடக்க நான் நாக்கைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

“இனிமே நடக்குமுங்களா?” என்று முடித்தார் அய்யா. உடனே குரலைத் தாழ்த்தி, “நடந்தாலும் இந்த மாதிரிச் சின்னதா நடக்கட்டுமுங்க,” என்றார்.

ஆல்வின் தலையை நிமிர்த்தினார். இத்தனை வருடக் கூட்டங்களில் அவர் தலையை நிமிர்த்தி நான் பார்த்ததில்லை. முகமெல்லாம் வெளிச்சமாக இருந்தது.

“என் தப்புதான் சார்,” என்றார். “முழுக்க முழுக்க என் தப்புதான்.”

அந்த அறையில் அந்த வாக்கியத்தை நான் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். அதில் ‘எங்க’ என்பது ‘என்’ ஆனதும், அது உண்மையாக இருந்ததும் அன்றைக்குத்தான். அய்யா கேசரித் தட்டை அவர் பக்கம் நகர்த்தினார்.